இன்னொண்ணு என்ன சொல்லுது?

உறைந்த மீன் அடுக்கியிருந்த அறைக்குள் நூற்றுப் பத்து டிகிரி வெப்பம் என்று அறிவித்து, அலாரம் மணியும் அடித்து, கிடங்கில் இருந்த அத்தனை பேரையும் வாசலுக்கு ஓட வைத்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நான் சொல்லி நீங்கள் சிரித்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். இதைவிடப் பெரிய கோமாளித்தனம் ஒன்றும் செய்தேன். அது பின்னால் வருகிறது. இரண்டையும் நேரில் பார்த்த சாட்சி ஒரே ஓர் அக்கா.

"ஒரே ஓர் அக்கா" என்று எழுதியதைப் பார்த்தால் அந்த அக்காவே ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்கு எதிலும் இரண்டு வேண்டும்.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு மீன் குளிர்க்கிடங்கு. அதற்குள் போகும் மீனுக்கும் இறாலுக்கும் அவர்தான் பொறுப்பு. நாற்பதுக்கு இரண்டு வயது குறைவாக இருக்கும். குட்டையான உருவம். குளிர் அறைக்குப் போகும்போது மாட்டுகிற நீலக் கம்பளிச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கும். இடது கையில் ஒரு கைக்கடிகாரம். கைப்பையில் வார் அறுந்த ஆண்கள் கடிகாரம் ஒன்று. யாராவது மணி கேட்டால் முதலில் கையைப் பார்ப்பார், பிறகு பையைத் திறப்பார், பிறகுதான் பதில் வரும். அவசரத்துக்கு அவரிடம் மணி கேட்பவர்கள் தீவுக்குப் போகும் பெர்ரியைத் தவறவிட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப் பூசைக்குப் போவார். சாயங்காலம் இங்கிலீஷ் பூசைக்கும் போவார். பக்தி என்றுதான் நான் நினைத்தேன். கேட்டேன்.

"ரெண்டு ஃபாதரும் ஒரே மாதிரி சொல்றாங்களான்னு பாக்கத்தான்."

"சொல்றாங்களா அக்கா?"

"கதை ஒண்ணுதான். அர்த்தம் ரெண்டு."

காய்ச்சல் வந்தால் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு, இறக்கையை மடக்கிய கோழிபோல உட்கார்ந்திருப்பார் என்று கிடங்கின் லோரி டிரைவர் அண்ணன் சொன்னார். அவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தொப்பையும் துண்டுமாக, எப்போதும் உறிஞ்சுகுழல் செருகிய கோப்பி பாக்கெட்டோடு உலவுகிறவர். பிறகு தேவைப்படுவார்.

யார் எதைச் சொன்னாலும் அக்கா கேட்பது ஒரே கேள்விதான். "இன்னொண்ணு என்ன சொல்லுது?" தராசு காட்டினால் இன்னொரு தராசு. மழை வரும் என்று ரேடியோ சொன்னால் வெளியே போய் வானம். வஞ்சிர மீன் புதுசு என்று பாசாரில் ஒருவன் சத்தியம் செய்தால், பக்கத்துக் கடைக்காரனிடம் போய், "அவன் மீன் எப்படி?" மீன்காரர்கள் இவரைக் கண்டாலே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஏன் இப்படி என்று நானும் விசாரித்தேன். டிரைவர் அண்ணன் ஒரு காரணம் சொன்னார்: முன்னொரு காலத்தில் கிடங்கில் இருந்த ஒரே தெர்மாமீட்டர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அக்கா அதை நம்பி இரண்டு நாள் விட்டதில் ஓர் அறை இறால் முழுக்கக் கெட்டுப்போனது. கிடங்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் வேறு காரணம் சொன்னாள்: நிச்சயமான மாப்பிள்ளை ஈப்போவிலிருந்து எழுதிய ஒரே கடிதத்தை நம்பி அக்கா புடவை எடுத்தார், ஆள் வரவேயில்லை. எது நிஜம்? நேராக அக்காவிடமே போனேன்.

"ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னதாலதான வந்து கேக்கற?"

"ஆமா அக்கா."

"ஒருத்தர் மட்டும் சொல்லியிருந்தா?"

"நம்பியிருப்பேன்."

"அவ்வளவுதான்" என்றார். எது நிஜம் என்று கடைசிவரை சொல்லவில்லை.

இனி என் கதை. அப்போது எங்கள் அலுவலகம் தீவில், சூலியா தெருவில், காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில். பாஸ், நான், பாஸின் அரோவானா மீன், ஆக மூன்று பேர். கிடங்குகளில் குளிர் சரியாக இருக்கிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் பெட்டி செய்வது தொழில். பெட்டிக்குள் சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு. அதில் லினக்ஸ் ஓடும். லினக்ஸில் பாஸுக்குப் பிடித்த ஒரே விஷயம் அது இலவசம் என்பது. போர்டிலிருந்து நீளமான ஒயர், ஒயரின் நுனியில் மூன்று காலோடு மிளகு மாதிரி ஒரு கறுப்புச் சென்சார். அது எண்ணைச் சொல்லும், போர்டு திரையில் காட்டும், அளவு மீறினால் மணி அடிக்கும். அதற்கான நிரலை எழுதும் மேதை நான்.

மேதையல்லவா, சென்சாரைச் சோதித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் பிடித்தேன், முப்பத்து நான்கு. கோப்பி ஓ என்ற கடுங்காப்பிக் கிளாஸில் ஒட்டினேன், அறுபதைத் தாண்டியது. குளிருக்கு? பினாங்கில் பிறந்தவனுக்குக் குளிர் என்றால் ஐஸ் கச்சாங்தான். ஒரு கிண்ணம் வாங்கி, சிவப்பு சிரப்புக்கும் சோளத்துக்கும் நடுவில் சென்சாரைச் செருகினேன். ஒன்று, அரை, பூஜ்யம் என்று அழகாக இறங்கி நின்றது. சோதனை வெற்றி. மிச்ச ஐஸைச் சாப்பிட்டுவிட்டேன். பூஜ்யத்துக்குக் கீழேயும் உலகம் இருக்கிறது என்பது என் வாழ்க்கையில் எங்குமே தட்டுப்பட்டதில்லை.

பட்டர்வொர்த்தில் தட்டுப்பட்டது. ஒயரைக் கதவு ரப்பர் வழியாக உள்ளே விட்டு, பெட்டியை அக்காவின் மேசைமேல் வைத்து, சுவிட்சைப் போட்டேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். அடுத்து நூற்று இருபத்தேழரை. மணி அலறியது. ஐஸ் தட்டு தூக்கியவர்கள் தட்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். டிரைவர் அண்ணன் கோப்பியைக் காப்பாற்றிக்கொண்டு ஓடினார். எண் மெல்ல இறங்கி நூற்றுப் பத்தில் வந்து உட்கார்ந்தது.

ஓடாமல் நின்றவர் அக்கா மட்டும். திரையைப் பார்த்தார். கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போய், சுவரில் தொங்கிய கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"உள்ள மைனஸ் பதினெட்டு. உன் பெட்டி நூத்திப் பத்து. மீன் வெந்திருக்கும், நீ போய்ச் சாப்புடு தம்பி."

நான் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, காரணம் தேடித் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு யாராக இருந்தாலும் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்திருப்பார்கள். அக்காவுக்கு முகம் மலர்ந்திருந்தது. இரண்டு சாட்சிகள் இவ்வளவு மோசமாக அவர் முன்னால் சண்டை போட்டதே கிடையாது போலிருக்கிறது. ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு, காலை முழுக்க உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். மத்தியானம் தாளை என் முன்னால் வைத்தார்.

"இங்க பாரு. கண்ணாடி பதினெட்டுன்னா உன்னோடது நூத்திப் பத்து. பதினேழுன்னா நூத்திப் பதினொண்ணு. கதவைத் தொறந்து வச்சேன், கண்ணாடி பதினஞ்சு, உன்னோடது நூத்திப் பதிமூணு. மைனஸை விட்டுட்டு ரெண்டையும் கூட்டினா எப்பவும் நூத்தி இருவத்தெட்டு. உன் பெட்டி முட்டாள் இல்லலா. வேற பாஷை பேசுது. ஏன் நூத்தி இருவத்தெட்டு?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கெரெத்தாவில், அதாவது காரில், கிலோமீட்டர் காட்டும் சக்கரத்தைப் பூஜ்யத்திலிருந்து பின்னால் சுற்றினால் ஒன்பதாக வரிசை கட்டி நிற்கும் அல்லவா, அதே கதை. சென்சார் அரை அரை டிகிரியாக எண்ணும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் இருநூற்று ஐம்பத்தாறு அரையிலிருந்து, அதாவது நூற்று இருபத்தெட்டு டிகிரியிலிருந்து, பின்னோக்கிச் சுற்றும், அத்தோடு "இது மைனஸ்" என்று தனியாகவும் ஒரு குறிப்புக் கொடுக்கும். அந்தக் குறிப்பை என் நிரல் படிக்கவேயில்லை. ஐஸ் கச்சாங்குக்கு அது தேவைப்படவில்லை. அக்காவிடம் கெரெத்தாவை வைத்து விளக்கினேன்.

"ஓ... அப்ப அது உண்மையதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நீதான் பாதி கேட்டிருக்க."

அரை மணி நேரத்தில் திருத்திவிட்டேன். திரையில் மைனஸ் பதினெட்டு. சுவரில் மைனஸ் பதினெட்டு. ஒப்புதல் பாரத்தை எடுத்து நீட்டினேன்.

அந்தப் பாரத்தில்தான் என் பிழைப்பு இருந்தது. எனக்குத் தகுதிகாண் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பாஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அந்தம்மா கையெழுத்தோட வா, வேலை நிரந்தரம். இல்லாட்டி வேற இடம் பாத்துக்க." அன்று செவ்வாய்.

அக்கா பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"இன்னொண்ணு எங்க?"

"அதான் உங்க கண்ணாடி இருக்கே அக்கா."

"அது உள்ள தொங்குது. நான் வீட்டுக்குப் போயிட்டா யாரு போய்ப் பாக்கறது? உன் பெட்டி தனியா உக்காந்து சொல்லப் போவுது. அது சொல்றது சரியான்னு யாரு சொல்றது? இன்னொரு சென்சார் வையி."

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "அக்கா, ரெண்டு வச்சு ரெண்டும் வேற வேற சொன்னா எதை நம்புவீங்க?"

"ரெண்டையும் நம்ப மாட்டேன். எந்திரிச்சிப் போய்ப் பாப்பேன்."

புதிய சென்சார் சிங்கப்பூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். அலுவலகத்தில் இன்னொன்று இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அது பாஸின் அரோவானா தொட்டிக்குள் இருந்தது. அந்த மீன் வந்த பிறகுதான் தொழிலே ஓடுகிறது என்று நம்புகிறவர் அவர். அதன் தண்ணீர் சூட்டைக் காலையில் பார்த்த பிறகுதான் எனக்கு வணக்கம் சொல்வார். வேலை நிரந்தரமாகாத ஒருவன் அவரிடம் போய் "உங்கள் அதிர்ஷ்டத்தில் பாதியைக் கழற்றித் தாருங்கள்" என்று கேட்க முடியுமா?

இங்கேதான் பெரிய கோமாளித்தனம் வருகிறது.

பழைய ரேடியோ ஒன்றிலிருந்து டிரான்சிஸ்டரைக் கழற்றினேன். கறுப்பு, மூன்று கால், பார்த்தால் சென்சாருக்குக் கூடப் பிறந்தது மாதிரி இருக்கும். அதை ஒரு ஒயர் நுனியில் பற்றவைத்தேன். ஒயரின் மறுமுனையைப் பெட்டிக்குள் விட்டு, எதிலும் சேர்க்காமல் டேப் போட்டு ஒட்டினேன். நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: மேலே காட்டுகிற எண்ணோடு அரை டிகிரி கூட்டியோ குறைத்தோ கீழே இரண்டாவதாகக் காட்டு. எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதைப் போர்டே சீட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்ளும். நிஜமான இரண்டு சென்சார்கள் இப்படித்தான் சின்னதாகச் சிணுங்கிக்கொள்ளும். அந்த நயத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

வியாழக்கிழமை கொண்டுபோய் மாட்டினேன். மேலே மைனஸ் பதினெட்டு, கீழே மைனஸ் பதினேழரை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சினிமா பார்ப்பதுபோல அரை மணி நேரம் பார்த்தார்.

"ரொம்ப ஒத்துமையா இருக்கே. கூடப் பொறந்ததுங்ககூட இப்படி இருக்காதே தம்பி."

"நல்ல சென்சார் அக்கா. ஜப்பான் சாமான்."

"அப்படியா?" என்றவர் எழுந்து கம்பளிச் சட்டையை மாட்டினார். "நான் உள்ள போறேன். நீ இங்க உக்காந்து நம்பரைச் சத்தமா சொல்லு."

வலது கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கதவு இரண்டு விரல்கடை திறந்திருந்தது. அதன் வழியாகக் குளிர்ப் புகை தரையில் வழிந்தது.

"என்ன சொல்லுது?"

"மேல பதினெட்டு, கீழ பதினெட்டரை அக்கா."

கொஞ்ச நேரம்.

"இப்ப?"

"அப்படியேதான் இருக்கு அக்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் எதையாவது கையில் பிடித்திருப்பாரா? பிடித்திருந்தால் எதை? டிரான்சிஸ்டரையா? அப்படியென்றால் கீழ் எண் ஏறியிருக்க வேண்டுமே! நான் யோசித்து முடிப்பதற்குள் திரையில் இரண்டு எண்ணும் ஏற ஆரம்பித்தன. பதினைந்து, பன்னிரண்டு, எட்டு. மேலும் கீழும் கைகோத்துக்கொண்டு, அரை டிகிரி நயத்தோடு, ஜோடியாக ஏறின.

"இப்ப என்ன தம்பி?"

கையில் பிடித்த ஒன்றுதான் ஏற வேண்டும். கத்தினேன்: "மேல இருக்கறது ஏறுது அக்கா. கீழ இருக்கறது அப்படியே இருக்கு!"

உள்ளிருந்து அதே குரல், அதே நிதானம்: "அண்ணே, உங்களுக்கு என்ன தெரியுது?"

என் தோளுக்குப் பின்னாலிருந்து கோப்பி உறிஞ்சும் சத்தம் கேட்டது. டிரைவர் அண்ணன் எப்போது வந்து நின்றாரோ தெரியாது. எண்ணைப் படிக்க அக்கா ஒரே ஓர் ஆளை விட்டுவிட்டுப் போவார் என்று நான் எப்படி நினைத்தேன் என்பதும் தெரியாது.

"ரெண்டும் ஏறுதுலா" என்றார் அண்ணன்.

அக்கா வெளியே வந்தார். சிவந்துபோன உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், நூற்றுப் பத்தைப் பார்த்த அதே ஆர்வத்தோடு.

"அந்த ரெண்டாவது ஒயரு எங்க போவுது?"

"எங்கேயும் போவல அக்கா."

"அப்ப கீழ வர்ற நம்பரு?"

"நான் போட்டது."

"அன்னிக்கு உன் பெட்டி தப்பா சொன்னப்பகூடப் பொய் சொல்லல" என்றார். அவ்வளவுதான்.

நான் கெஞ்சினேன். வேலை விஷயத்தைச் சொன்னேன், அரோவானாவைச் சொன்னேன், மூன்று வாரத்தில் நானே நல்ல சென்சார் கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்தேன். பாரத்தை எடுத்து என் கையிலேயே வைத்தார்.

"உன் பாஸைக் கூட்டிட்டு வா."

தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பெர்ரியில் போவது இலவசம், திரும்பி வரத்தான் காசு. அவமானப்படச் சும்மா அனுப்பிவிட்டு, அவமானப்பட்ட பிறகு வசூலிக்கிறார்கள். மேல்தளத்தில் நின்று காற்று வாங்கிக்கொண்டே மூன்று பொய்களைத் தயார் செய்தேன். மூன்றாவது நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் முடிக்கும்போது பின்னால் யாரோ கோப்பி உறிஞ்சுவதுபோல இருந்தது.

பாஸ் மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், டிரான்சிஸ்டர் உட்பட. அவர் கடைசி இறாலையும் போட்டு முடித்தார். சட்டைக் கையை மடித்தார். தொட்டிக்குள் முழங்கைவரை விட்டு, சென்சாரைக் கழற்றி, துண்டால் துடைத்து, என் மேசைமேல் வைத்தார்.

"என் மீனுக்கு ஒண்ணும் ஆவாது. அது உயிரோட இருக்கறத நானே பாத்துக்கறேன். அந்தம்மா மீனு செத்தது, கெட்டுப்போனாலும் பாத்தா தெரியாது." வாசல்வரை போனவர் திரும்பினார். "ப்ரொபேஷன் இன்னும் மூணு மாசம்."

வேலை போகவில்லை என்பது புரியவே எனக்குச் சூலியா தெருவில் இரண்டு கிளாஸ் தே தாரிக் தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை பாஸோடு போனேன். இந்த முறை இரண்டும் நிஜம். திரையில் மேலே மைனஸ் பதினெட்டு, கீழே மைனஸ் பதினாறு. இரண்டு டிகிரி வித்தியாசம்! எனக்கு உயிரே போய்விட்டது. பாஸ் முன்னாலேயே மானம் போகிறதே என்று எதையோ உளறத் தொடங்கினேன். அக்கா கையமர்த்தினார். கண்கள் மின்ன எழுந்துபோய்ப் பார்த்தார். கதவுப் பக்கம் தொங்கிய இரண்டாவது சென்சாருக்கு நேர் கீழே, கதவு ரப்பரின் அடி மூலை ஒரு சாண் கிழிந்திருந்தது. கண்ணாடித் தெர்மாமீட்டர் தொங்கியது எதிர்ச் சுவரில். எத்தனை மாதமாக அந்த வழியே சூடு உள்ளே போய்க்கொண்டிருந்ததோ, யாருக்கும் தெரியாது. அந்த மூலையில் அடுக்கியிருந்த இறால் பெட்டிகளை அக்காவே ஆளைக் கூப்பிட்டு உள்பக்கம் மாற்றினார். பழைய கதையில் கெட்டுப்போன இறாலைப் பற்றி டிரைவர் அண்ணன் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பிறகு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்தார். எண்ணை நானும் பாஸும் படித்தோம். டிரைவர் அண்ணனும் படித்தார். எதைப் பிடித்தாரோ அது மட்டும் ஏறியது. பாரத்தில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, டிரைவர் அண்ணனையும் கூப்பிட்டுப் போடச் சொன்னார்.

மூன்று மாதத்தில் என் வேலையும் நிரந்தரமானது. அரோவானாவுக்குப் புதிய சென்சார் வந்தது. இந்த முறை இரண்டு. பாஸுக்கும் அக்காவின் வியாதி தொற்றிக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து, பட்டர்வொர்த் பெர்ரித் துறையில் அக்காவைப் பார்த்தேன். சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தையும் கையையும் பையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இப்போது செபராங் ஜெயாவில் குடியிருப்பதையும், கல்யாணம் ஆனதையும், மனைவி மார்க்கெட்டில் சாமான் வாங்கப் போயிருப்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கடைசியில், கேட்காமலேயே, கொஞ்சம் பெருமையோடு சொன்னேன்:

"அன்னிக்கு அப்புறம் நான் பொய்யே சொல்றதில்ல அக்கா. முழுசா திருந்திட்டேன்."

அக்கா கைப்பையை மூடினார்.

"பொண்டாட்டியக் கூட்டிட்டு வா."